விருப்பத்துக்கு நாள் குறித்தல்: வீடியோ விளையாட்டுத் தயாரிப்பில் திட்டமிடலும் மேலாண்மையும்

விளையாட்டு என்னும் சொல்லை விளை, ஆட்டு எனப் பிரித்து, விருப்பத்தோடு ஆடும் ஆட்டம் எனப் பொருள் விரிப்பார் உண்டு. விருப்பம் இல்லாத இடத்தில் ஆட்டம் வேலையாகிவிடும். ஆயினும் அந்த விருப்பத்தையே விலைப்பொருளாக்கி, இன்ன நாளில் இத்தனை இலட்சம் பிரதிகள் கடைக்கு வரும் என்று ஒப்பந்தம் எழுதி, நூற்றுக்கணக்கானோரை ஊதியத்துக்கு அமர்த்தி உருவாக்கித் தரும் தொழிலொன்று 1970களில் தொடங்கி உலகெங்கும் பரவியுள்ளது. அதுவே வீடியோ விளையாட்டுத் தொழில். ஆடுவோர் அதன் வண்ணத்தையும் வேகத்தையும் மட்டுமே அறிவர். அதன் பின்னால் நாட்காட்டியும் கணக்கேடும் படும் பாட்டை எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாலம் கட்டுவோர்க்கு வரைபடம் உண்டு. எத்தனை தூண், எவ்வளவு சிமெண்டு, எத்தனை நாள் என்று முன்னரே கணக்கிடலாம். திரைப்படம் எடுப்போர்க்குக் கதைவசனம் உண்டு. படம் ஓடுமா ஓடாதா என்பது தெரியாது. ஆனால் எந்தக் காட்சியை எங்கே எத்தனை நாளில் எடுப்பது என்பது தெரியும். வீடியோ விளையாட்டின் நிலை வேறு. ஓவியரும், நிரல் எழுதுவோரும், இசையமைப்போரும், கதை எழுதுவோரும் சேர்ந்து உழைத்து, கேட்டவையெல்லாம் கேட்டபடி முடித்த பின்னரும், ஆடிப் பார்க்கையில் அதில் சுவை இல்லாமற் போகலாம். ஏட்டில் எழுதிய சமையற்குறிப்பை நாவில் வைத்துச் சுவை பார்க்க இயலாதன்றோ? அதுபோலத் தாளில் எழுதிய விளையாட்டையும் ஆடிப்பார்க்க இயலாது. ஆடிப்பார்க்கும் நிலைக்குக் கொண்டுவருவதற்கோ பணமும் காலமும் வேண்டும். இச்சிக்கலே இத்தொழிலின் மேலாண்மை முழுவதற்கும் அடிப்படையானது.

யார் பொறுப்பு?

தயாரிப்பாளர் என்றவுடன் நம்மவர்க்குத் திரைப்படத்துக்குப் பணம் போடும் முதலாளியே நினைவுக்கு வருவார். வீடியோ விளையாட்டில் அப்பெயர் வேறொருவரைக் குறிக்கும். ஓவியரின் வேலை முடிந்து நிரலரின் கைக்குச் சேர்ந்ததா, ஒலிப்பதிவுக்கு முன் வசனம் இறுதி செய்யப்பட்டதா, செலவு வரம்பு மீறுகிறதா என்று நாள்தோறும் பார்த்துக்கொண்டிருப்பவரே அங்குத் தயாரிப்பாளர். பணம் போடுபவர் வெளியீட்டாளர். அவர் பெரும்பாலும் தொகை முழுவதையும் ஒரே முறையில் தருவதில்லை. வேலையைப் படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படி முடிந்ததும் ஒரு தவணை என முன்பணம் தருவார். பின்னர் விற்பனையில் அதைக் கழித்துக்கொள்வார்.

அப்படிகளுக்குப் பெயர்கள் உண்டு. ஆட்டத்தின் சிறு பகுதி ஒன்றேனும் ஆடத்தக்க நிலையை அடைவது முதற்படி. தொடக்கம் முதல் இறுதிவரை ஒருவாறு ஆடிச் செல்ல முடிந்து, இருக்கவேண்டிய கூறுகள் யாவும் அரைகுறையாகவேனும் அமைந்துவிட்டால் அது ஆல்ஃபா. படங்களும் ஒலிகளும் நிறைவாகச் சேர்ந்து, பிழை களைதல் மட்டுமே எஞ்சினால் அது பீட்டா. அதன்பின் சோனி, நின்டெண்டோ, மைக்ரோசாஃப்ட் போன்ற விளையாட்டுப்பொறி நிறுவனங்கள் தத்தம் விதிகளின்படி சோதித்து ஒப்புதல் தரவேண்டும். ஒப்புதல் பெற்ற மூலப்பிரதிக்குக் கோல்ட் என்று பெயர்.

இவ்வேற்பாட்டில் உள்ள ஒரு குறை கருதத்தக்கது. தவணைப் பணம் எண்ணத்தக்க பொருள்களுக்கே கிடைக்கும். பத்துக் கட்டங்கள் முடிந்தனவா, இருபது பாத்திரங்கள் வரையப்பட்டனவா என்று எண்ணிப் பார்க்கலாம். சுவையை எவரும் எண்ணிக் கொடுத்ததில்லை. ஆகவே, தவணை தவறாமல் பணம் பெற்றுக்கொண்டே சுவையற்ற ஆட்டமொன்றை முடித்துவிட முடியும்.

ஐந்து வாரம்

கெடு தவறாமல் முடிந்தும் தோற்ற விளையாட்டுக்கு எடுத்துக்காட்டாக ஈ.டி. என்பதைக் கூறலாம். ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் ஈ.டி. திரைப்படம் 1982 ஜூனில் வெளிவந்து பெருவெற்றி பெற்றது. அதனை விளையாட்டாக்கும் உரிமையை அட்டாரி நிறுவனம் பெருந்தொகைக்குப் பெற்றது. கிறிஸ்துமஸ் விற்பனைக்குள் கடைக்கு வந்தாக வேண்டும் என்பது முதலாளிகளின் முடிவு. அக்காலத்து விளையாட்டுகள் கார்ட்ரிட்ஜ் எனப்படும் சிறு பெட்டியினுள் சில்லில் பதிக்கப்பட்டு விற்கப்பட்டன. சில்லுகளைத் தொழிற்சாலையில் செய்து முடிக்கவே பல வாரங்கள் ஆகும். அதனால் செப்டம்பர் முதல் நாளுக்குள் நிரல் முடியவேண்டியதாயிற்று. ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்னும் நிரலருக்கு அழைப்பு வந்ததோ ஜூலை இறுதியில். எஞ்சியது ஐந்து வாரம். அதற்கு முன் அவர் உருவாக்கிய விளையாட்டுகள் ஒவ்வொன்றும் மாதக்கணக்கில் காலம் கொண்டவை.

அந்நாளில் அட்டாரி விளையாட்டொன்றின் வடிவமைப்பும் நிரலும் பெரும்பாலும் ஒரே மனிதரின் கைவேலை. வார்ஷா இசைந்தார், குறித்த நாளில் முடித்தும் கொடுத்தார். ஆனால் முடித்ததை ஆடிப்பார்த்துத் திருத்த அவருக்கு நாள் இல்லை. ஆட்டத்தில் ஈ.டி. அடிக்கடி குழியில் விழும். மெல்ல மெல்ல மேலே வரும். வந்த கையோடு மீண்டும் விழும். ஒரு வாரம் கூடுதலாக இருந்து, பத்துச் சிறுவர்களை ஆடவிட்டுப் பார்த்திருந்தால் எவர்க்கும் தெரிந்திருக்கக்கூடிய குறை இது. விற்காத கார்ட்ரிட்ஜ்கள் குவிந்தன. 1983 செப்டம்பரில் அட்டாரி தன் எஞ்சிய சரக்குகளை நியூ மெக்சிகோ மாநிலத்து அலமகோர்டோ என்னும் ஊரின் குப்பைமேட்டில் லாரி லாரியாகக் கொட்டிப் புதைத்தது. 2014 ஏப்ரலில் அவ்விடத்தைத் தோண்டியபோது ஈ.டி. பிரதிகளும் வெளிவந்தன.

அமெரிக்க வீடியோ விளையாட்டுச் சந்தை 1983இல் சரிந்ததற்கு இந்த ஒரு விளையாட்டே காரணம் என்று சிலர் எழுதுவர். அது மிகையான கூற்று. தரமற்ற விளையாட்டுகள் எண்ணிறந்து குவிந்திருந்த சந்தை அது. வார்ஷாவின் திறமையைக் குறை கூறுவதும் பொருந்தாது. அவருடைய முந்தைய படைப்பான யார்ஸ் ரிவெஞ்ச் இன்றளவும் போற்றப்படுகிறது. இங்கு நாள் குறித்தவர் விற்பவர். எத்தனை நாள் வேண்டும் என்று செய்பவரைக் கேட்டுக் குறித்ததன்று.

குதிக்கும் உயரம்

சரி, காலம் தாராளமாகக் கிடைத்தால் போதுமா? அதனை எவ்வாறு பங்கிடுவது என்பதே அடுத்த வினா. எளியதோர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒரு பாத்திரம் ஓடிவந்து மேடைக்கு மேடை தாவும் விளையாட்டு ஒன்று இருக்கிறது. அப்பாத்திரம் எவ்வளவு உயரம் குதிக்கும்? இக்கேள்விக்கு விடை கண்ட பின்னரே மேடைகளின் இடைவெளியைக் குறிக்க முடியும். இருபது கட்டங்களை வரைந்து முடித்த பின்னர், குதிப்பு இன்னும் சற்று உயரமாக இருந்தால் நன்றாயிருக்கும் என்று எவரேனும் கண்டுபிடித்தால் இருபது கட்டங்களும் வீண். நிரலில் மாற்றவேண்டியது ஓர் எண்தான். அதனால் அழியும் உழைப்போ நாற்பது ஓவியரின் ஆண்டு முழுதும் ஆகும்.

நின்டெண்டோ நிறுவனத்தின் ஷிகெரு மியாமோட்டோ இதனை நன்குணர்ந்தவர். 1996இல் வெளிவந்த சூப்பர் மேரியோ 64 விளையாட்டை உருவாக்கும்போது, கட்டங்களை வரையத் தொடங்குமுன் மேரியோ ஓடுவதும் தாவுவதும் திரும்புவதும் கைக்கு இன்பம் தருகின்றனவா என்று பார்ப்பதிலேயே அவர் குழு நெடுங்காலம் செலவிட்டது. ஒரு சிறு வெளியில் முயலொன்றை ஓடவிட்டு, அதனை மேரியோ துரத்திப் பிடிக்கும்படி செய்து பார்த்தனர். துரத்துவதே இன்பமாயிருந்தால் மற்றவை தாமே அமையும் என்பது கருத்து. அந்த முயல் முடிந்த விளையாட்டிலும் இடம்பெற்றுவிட்டது.

இவ்வநுபவங்களை ஒரு கோட்பாடாகத் திரட்டிக் கூறியவர் மார்க் செர்னி. பதினேழு வயதில் அட்டாரியில் வேலைக்குச் சேர்ந்து, பின்னர் பல வெற்றி விளையாட்டுகளுக்குத் துணைநின்று, பிளேஸ்டேஷன் 4 பொறியின் தலைமை வடிவமைப்பாளராகவும் விளங்கியவர். 2002இல் அவர் ஆற்றிய உரையொன்று இத்துறையினரிடையே புகழ்பெற்றது. விளையாட்டு உருவாக்கத்தைத் தேடல், ஆக்கம் என இருவேறு காலங்களாகப் பிரிக்கவேண்டும் என்பது அவர் கருத்தின் சாரம். தேடற்காலத்துக்கு அட்டவணை போட முடியாது, போடவும் கூடாது. எது சுவையென்று காணும்வரை சிறு குழு ஒன்று செய்து பார்த்தும் அழித்தும் மீண்டும் செய்தும் கொண்டிருக்கவேண்டும். இறுதியில் விற்பனைக்கு ஒத்த தரத்தில் ஓரிரு கட்டங்கள் கையில் இருக்கவேண்டும். அவற்றைக் கண்ட பின்னரே ஆட்களைச் சேர்த்து, நாள் குறித்து, ஆக்கப்பணியைத் தொடங்கவேண்டும். தொடக்கத்திலேயே நூறு பக்கத் திட்டநூல் எழுதுவது வீண்வேலை என்றார் அவர். தேடலின் முடிவில் சுவை கிட்டவில்லையெனில் அத்திட்டத்தையே கைவிடுவது நல்ல நிருவாகமே என்றும் கூறினார். பணம் போட்டவர்க்கு இது கசப்பான மருந்துதான். எனினும் சிறு குழுவின் சில மாதச் சம்பளத்தை இழப்பது, பெரும்படையின் மூன்றாண்டுச் சம்பளத்தை இழப்பதினும் மேலன்றோ?

எறிந்துவிட்டுத் தொடங்கியவர்கள்

தேடலை முடிக்காமல் ஆக்கத்தில் இறங்கிவிட்டு, நடுவழியில் அதனை உணர்ந்து மீண்ட குழு ஒன்று உண்டு. மைக்ரோசாஃப்டில் பணியாற்றி விலகிய கேப் நியூவெல், மைக் ஹாரிங்டன் ஆகிய இருவரும் 1996இல் வால்வ் நிறுவனத்தைத் தொடங்கினர். அவர்களது முதல் விளையாட்டான ஹாஃப்-லைஃப் 1997 இறுதியில் வெளிவருவதாக இருந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் பார்த்தால் வேலை பெரும்பாலும் முடிந்திருந்தது. கட்டங்கள் இருந்தன, பகைவர் உருக்கள் இருந்தன, ஆயுதங்கள் இருந்தன. விளையாட்டு மட்டும் நன்றாக இல்லை.

இருப்பதைப் பூசிமெழுகி வெளியிட்டிருக்கலாம். பலரும் செய்வது அதுவே. அவர்கள் வெளியீட்டைத் தள்ளிவைத்தனர். நிறுவனர்களின் சொந்தச் செல்வம் இதற்குத் துணைநின்றது என்பதையும் சொல்லவேண்டும். எல்லாருக்கும் அது வாய்க்காது. சிறு குழு ஒன்று, ஆங்காங்கே சிதறிக் கிடந்த நல்ல கூறுகளையெல்லாம் திரட்டி, ஒரே ஒரு கட்டத்தில் அடைத்து, ஒரு மாதத்தில் ஆடத்தக்க வடிவில் தந்தது. அதனை ஆடிப்பார்த்தபின் எது சுவை என்பது எல்லார்க்கும் விளங்கிற்று. ஆடுபவர் செல்லும் வழியில் ஏதேனும் ஒன்று இடைவிடாது நிகழவேண்டும். அவர் செய்யும் செயலுக்கு உலகம் மறுமொழி தரவேண்டும். சுவரைச் சுட்டால் சுவரில் தழும்பு விழவேண்டும். தோற்றால், விளையாட்டு ஏமாற்றிவிட்டது என்று கருதாமல் தாமே பிழைசெய்ததாக அவர் உணரவேண்டும்.

இனி அனைத்தையும் ஒருங்கிணைத்து வடிவமைக்கும் ஒரு மேதையை எங்கேனும் தேடிப்பிடிக்கலாம் என எண்ணினர். அத்தகைய ஒருவர் கிடைக்கவில்லை. எனவே நிரலர் மூவர், கட்டம் அமைப்பவர் ஒருவர், எழுத்தாளர் ஒருவர், அசைவோவியர் ஒருவர் என அறுவரைக் கூட்டி, கபால் எனப் பெயரிட்டு, அவர்களிடம் வடிவமைப்பை ஒப்படைத்தனர். வாரத்துக்கு நான்கு நாள், நாளுக்கு ஆறு மணி நேரம் என ஐந்து மாதம் அவர்கள் கூடிப் பேசினர். இருநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட வடிவமைப்பு ஏடு உருவாயிற்று. நூறு பக்கத் திட்டநூல் வீண் என்ற செர்னியின் கூற்றுக்கு இது மாறன்றோ என மாணவர் வினவலாம். மாறன்று. செர்னி விலக்கியது சுவை காணுமுன் எழுதும் ஏட்டை. இவர்கள் எழுதியது சுவை கண்ட பின்னர்.

அத்துடன் நின்றாரில்லை. முடிந்த கட்டங்களை வெளியாட்களை அழைத்து ஆடச் செய்தனர். கட்டத்தை அமைத்தவர் பின்னால் அமர்ந்து குறிப்பெடுக்கலாம், வாய் திறக்கக்கூடாது. கதவு எங்கிருக்கிறது என்று தெரியாமல் ஆடுபவர் இருபது நிமிடம் சுற்றுவார். அமைத்தவர்க்கோ அது வெளிப்படையான வழி. பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருக்கவேண்டும். இரண்டு மணிநேர ஆட்டம் ஒன்றிலிருந்து ஏறத்தாழ நூறு திருத்தங்கள் வரை கிடைத்தன. இவ்வகையில் இருநூறுக்கும் மேற்பட்ட அமர்வுகள் நடந்தன. தன் எழுத்தைப் பிறர் வாசிக்கக் கேட்டுத் திருத்தும் பழக்கம் உடைய எழுத்தாளர் இதன் அருமையை உணர்வர். ஓராண்டுக் காலத் தாமதத்துக்குப் பின் 1998 நவம்பரில் வெளிவந்த ஹாஃப்-லைஃப், அவ்வகை விளையாட்டுகளின் வரலாற்றில் ஒரு திருப்புமுனையாக எண்ணப்படுகிறது.

ஆள்-மாதக் கணக்கு

ஆக்கக் காலத்தின் கணக்கு பெருக்கல் வாய்பாடுதான். எத்தனை ஆட்கள், எத்தனை மாதங்கள், ஓர் ஆளுக்கு மாதம் எவ்வளவு என்று பெருக்கவேண்டும். சம்பளம், வாடகை, காப்பீடு எல்லாம் சேர்த்து ஓர் ஆளுக்கு மாதம் பத்தாயிரம் டாலர் எனக் கொள்ளும் வழக்கம் 2010களில் அமெரிக்காவில் இருந்தது. நாற்பது பேர் இரண்டாண்டு உழைத்தால் 96 இலட்சம் டாலர். முந்நூறு பேர் மூன்றாண்டு உழைத்தால் 10 கோடியே 80 இலட்சம் டாலர். முந்நூறு பேர் பணிபுரியும் இடத்தில் ஒரு மாதத் தாமதத்தின் விலை 30 இலட்சம் டாலர் என்பது இதிலிருந்து பெறப்படும்.

தாமதமாகிறதே, இன்னும் சிலரைச் சேர்ப்போம் என்று நிருவாகிக்குத் தோன்றுவது இயல்பு. ஐ.பி.எம். நிறுவனத்தில் பெரும் மென்பொருள் திட்டம் ஒன்றை நடத்திய ஃபிரெடரிக் புரூக்ஸ், தாமதமான திட்டத்தில் ஆட்களைச் சேர்த்தால் மேலும் தாமதமாகும் என்று 1975இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். புதியவர்க்குப் பழையவர் வேலை கற்பிக்கவேண்டும். அந்நேரத்தில் பழையவர் வேலை நிற்கும். மேலும், பத்துப்பேர் ஒருவரோடொருவர் பேசவேண்டின் 45 இணைகள். ஐம்பது பேராயின் 1,225 இணைகள். ஆள் ஐந்து மடங்கு, பேச்சு இருபத்தேழு மடங்கு.

தேடல் முடிவின்றி நீண்டாலும் கேடே. 1996இல் டியூக் நியூக்கம் 3டி விளையாட்டால் பெரும்பொருள் ஈட்டிய 3டி ரியல்ம்ஸ் நிறுவனம், 1997இல் அதன் அடுத்த பகுதியை அறிவித்தது. பணம் சொந்தப் பணம். கெடு விதிப்பார் இல்லை. எப்போது வரும் என்று கேட்டோர்க்கு, முடிந்ததும் வரும் என்பதே விடை. வேறு நிறுவனங்கள் புதிய நுட்பம் கொணரும்போதெல்லாம் அதனையும் சேர்க்க விழைந்தனர். 1998இல் அடிப்படை எஞ்சினையே மாற்றி வேலையைத் திரும்பத் தொடங்கினர். 2009 மே மாதத்தில் பணம் தீர்ந்து குழு கலைக்கப்பட்டது. கியர்பாக்ஸ் என்னும் வேறொரு நிறுவனம் எடுத்து முடித்து 2011 ஜூனில் வெளியிட்டபோது ஆட்டம் பழையதாகிப் போயிருந்தது. அட்டாரிக்கு ஐந்து வாரம்; இவர்களுக்குப் பதினான்கு ஆண்டு.

மிகைநேர உழைப்பு

திட்டம் பிழைத்தால் இழப்பு யாருக்கு? வெளியீட்டு நாள் நகராது, செய்யவேண்டிய வேலையும் குறையாது என்றால், இளகக்கூடியது ஒன்றே ஒன்று. அது பணியாளர் வீட்டுக்குத் திரும்பும் நேரம். இதனைக் கிரஞ்ச் என்று அத்துறையினர் குறிப்பர். 2004 நவம்பரில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவன நிரலர் ஒருவரின் துணைவி, பெயர் குறிப்பிடாமல் இணையத்தில் மடலொன்று வெளியிட்டார். தம் துணைவர் வாரத்தின் ஏழு நாளும் காலைமுதல் இரவுவரை வேலைவாங்கப்படுவதையும், அதற்குக் கூடுதல் ஊதியமோ விடுப்போ இல்லாமையையும் அதில் விவரித்திருந்தார். அதில் கூர்ந்து நோக்கத்தக்கது ஒன்றுண்டு. அத்திட்டம் தாமதமாகவே இல்லை. முன்கூட்டியே திட்டமிட்டு மிகைநேரம் விதிக்கப்பட்டது என்பது அவர் குற்றச்சாட்டு. அக்காலத்தில் நடந்த வழக்குகளில் அந்நிறுவனம் ஓவியர்களுக்கு 2005இல் 1 கோடியே 56 இலட்சம் டாலரும், நிரலர்களுக்கு 2006இல் 1 கோடியே 49 இலட்சம் டாலரும் தர இசைந்தது.

இது பழங்கதையாகிவிடவில்லை. போலந்து நாட்டின் சி.டி. ப்ராஜெக்ட் நிறுவனம் 2012இல் அறிவித்த சைபர்பங்க் 2077 விளையாட்டுக்கு 2020 ஏப்ரல் 16 என நாள் குறித்தது. பின்னர் அது செப்டம்பருக்கும், நவம்பருக்கும் தள்ளிப்போயிற்று. கட்டாய மிகைநேரம் இராது என்று 2019இல் கூறியிருந்த நிருவாகம், 2020 செப்டம்பர் இறுதியில் வாரம் ஆறு நாள் வேலை என ஆணையிட்டது. போலந்துச் சட்டப்படி அதற்கு ஊதியம் உண்டு என்பது ஒரு வேறுபாடு. அக்டோபர் தொடக்கத்தில் விளையாட்டு கோல்ட் நிலையை எய்திவிட்டது என அறிவித்தனர். அம்மாத இறுதியிலேயே, ஒரே வேளையில் ஒன்பது வடிவங்களைச் சோதிக்கவேண்டியுள்ளது என்று கூறி மீண்டும் தள்ளிவைத்தனர். கோல்ட் என்னும் சொல் தன் பழைய பொருளை இழந்துவிட்டதை இது காட்டும். கார்ட்ரிட்ஜ் காலத்தில் பதித்தது பதித்ததுதான். இணையவழித் திருத்தம் அனுப்பலாம் என்றான பிறகு முடிவு என்பதே நெகிழ்ந்துவிட்டது.

டிசம்பர் 10இல் வெளிவந்த அவ்விளையாட்டு, வசதியான கணிப்பொறிகளில் ஒருவாறு ஓடிற்று. பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகிய பழைய பொறிகளில் தடுமாறி நின்றது. டிசம்பர் 18இல் சோனி தன் இணையக் கடையிலிருந்து அதனை நீக்கி, வாங்கியோர்க்குப் பணத்தைத் திருப்பித் தந்தது. ஆறு மாதம் கழித்தே அது கடைக்குத் திரும்பிற்று. பழைய பொறிகளுக்கு ஏற்பச் செய்யும் வேலையின் கடுமையைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம் என்று நிறுவனர்களுள் ஒருவரான மார்ச்சின் இவின்ஸ்கி 2021 ஜனவரியில் வருத்தம் தெரிவித்தார். பின்னர் ஏறத்தாழ மூன்றாண்டுகள் திருத்தப்பணி நடந்தது. 2023 செப்டம்பரில் வந்த 2.0 பதிப்பும் உடன்வந்த விரிவாக்கமும் பெரும்பாராட்டைப் பெற்றன. பழைய பொறிகள் இரண்டுக்கும் அவை வழங்கப்படவில்லை.